எறும்பு வேடச் சிலந்தியில் புதிய இனம்: கண்டறிவது முதல் பெயரிட்டு வெளியிடுவது வரை

காவிரிப் படுகையின் மாந்தோப்புகளிலும், வாய்க்கால் கரைப் பூவரசுகளிலும், வேலியோரக் கிளுவையிலும் முசுறு எறும்புகளைப் பொறுமையாகக் கவனித்து வருபவர், அவற்றின் நடுவே எறும்பைப் போலவே நடந்து செல்லும் சிலந்தியை என்றேனும் ஒரு நாள் காண்பார். இதுவரை எவரும் விவரிக்காத இனமாக அது இருக்குமோ என்ற கேள்வி அப்போது எழுவது இயல்பு. அக்கேள்விக்கு விடை காண்பதற்கும், புதிய இனம்தான் என்று உறுதியானால் அறிவியல் உலகம் ஏற்கும் வகையில் அதனை விவரித்து வெளியிடுவதற்கும் உரிய வழியை, டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் விலங்கியல் பயில்வோரையும் தம் ஊர்ச் சிற்றுயிர்களை அக்கறையுடன் நோக்கும் ஆர்வலர்களையும் மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்த எறும்புத் தோற்றம் நம்மை அந்தச் சிலந்தியிடம் ஈர்த்ததோ, அதே தோற்றம்தான் இனத்தைத் தீர்மானிப்பதில் மிகக் குறைந்த மதிப்புடைய சான்று. பறவையும் குளவியும் பிற சிலந்திகளும் எறும்பைத் தவிர்ப்பதால், எறும்பை ஒத்த உருவம் நெருங்கிய உறவில்லாத பல சிலந்திக் குடும்பங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஒரே இனத்தின் சிலந்திகள் வெவ்வேறு நிறங்களில் வெவ்வேறு எறும்புகளை ஒத்திருப்பதும் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு சிறிய கறுப்பு எறும்பைப் போலவும், தோலுரித்து வளர்ந்தபின் பெரிய சிவந்த எறும்பைப் போலவும் தோன்றும் இனங்களும் இருக்கின்றன. ஆகவே நிறத்தையும் உடல்வடிவத்தையும் மட்டும் வைத்துப் புதிய இனம் என்று அறிவிப்பவர், பறவையை ஏமாற்ற உருவான வேடத்தில் தாமும் ஏமாறுகிறார். இனத்தைப் பிரித்துக் காட்டும் உறுதியான அடையாளம் வளர்ந்த ஆணின் பெடிபால்ப்பிலும் (வாயருகே உள்ள, விந்தைச் செலுத்தும் சிறு கால் போன்ற உறுப்பு) வளர்ந்த பெண்ணின் எபிகைனிலும் (வயிற்றின் அடிப்புறத்தில் உள்ள இனப்பெருக்க உறுப்பு) இருக்கிறது. இனி வரும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டு உறுப்புகளையும் பழுதின்றிப் பெற்று, சரியாகப் பார்த்து, நேர்மையாக ஒப்பிடுவதற்கானதே.

களத்தில் செய்ய வேண்டியவை

கையில் கிடைத்தது எந்தக் குடும்பம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். முகத்தின் முன்புறத்தில் இரண்டு பெரிய கண்கள் முன்விளக்குகளைப் போல் இருந்தால் அது தாவும் சிலந்திகளின் குடும்பமான சால்டிசிடேயைச் சேர்ந்தது. ஊர்ப்புறத்தில் ஈப்புலி எனப்படும் சிலந்திகள் இக்குடும்பத்தவையே. இதில் மெக்லே 1839இல் நிறுவிய மிர்மராக்னி என்ற பேரினமும் அதன் உறவுப் பேரினங்களும் எறும்பு வேடம் பூண்டவை. முசுறுகளிடையே காணும் அமிசியா ஃபோர்ட்டிசெப்ஸ் நண்டுச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வயிற்றின் பின்பகுதியில் உள்ள இரண்டு கரும்புள்ளிகள் எறும்பின் கண்களைப் போலத் தோன்றுவதால், வால்பக்கமே தலை என்று எண்ணத் தோன்றும். தரையில் கட்டெறும்போடு ஓடித் திரியும் கஸ்டியனைரா பேரினத்துக்குப் பெரிய முன்கண்கள் கிடையா. இம்மூன்றையும் பிரித்தறியாமல் அடுத்த படிக்குப் போவது வீண்வேலை.

தாவும் சிலந்திக் குடும்பத்து எறும்பு வேடச் சிலந்தியில் தலைப்பகுதி உயர்ந்தும், அதன் பின்னே தலைமார்பு இடுங்கியும், வயிற்றை இணைக்கும் காம்பு நீண்டும் இருக்கும். முன்னங்கால்களை உணர்கொம்புகளைப் போல் ஆட்டியபடி அது நடக்கும். வளர்ந்த ஆணின் தாடைகள் முன்னோக்கி மிக நீளமாக வளர்ந்திருக்கும்; முசுறை ஒத்த மிர்மப்ளாட்டா பிளாட்டலியாய்டெஸ் இனத்தின் ஆணைப் பார்த்தால், தன்னையொத்த இன்னொரு எறும்பைத் தூக்கிச் செல்லும் எறும்பு என்றே தோன்றும். எறும்பா சிலந்தியா என்ற ஐயம் வந்தால் கிளையை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல்விட்டுத் தொங்கும், எறும்பு தொங்காது.

சேகரிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வெள்ளைத் துணி தைத்த குடையைத் தலைகீழாகக் கிளையின் கீழே பிடித்துக் கோலால் தட்டினால், எறும்பும் சிலந்தியும் பூச்சியும் சேர்ந்து விழும். விழுந்தவற்றில் சிலந்தியைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடிக் குழாயை அதன்மேல் கவிழ்த்து உயிரோடு பிடிக்க வேண்டும். விரலால் பிடித்தால் கால்களும் பெடிபால்ப்பும் முறிந்துவிடும். இலையின்மேல் வெண்பட்டாலான தட்டையான கூடு தென்பட்டால் இலையோடு சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது; பெண்ணும் முட்டைப்பையும் அதனுள் இருக்கக்கூடும்.

அதே கிளையில் நடமாடிய எறும்பிலும் இரண்டு மூன்றைத் தனிக்குப்பியில் எடுத்து வைக்க வேண்டும். பலரும் விட்டுவிடும் வேலை இது. பின்னர் எத்தனை முயன்றாலும் ஈடுசெய்ய இயலாத இழப்பும் இதுவே. 'சிவப்பு எறும்பைப் போல் இருந்தது' என்ற குறிப்பினால் யாருக்கும் பயனில்லை. ஃபேப்ரிசியஸ் 1775இல் பெயரிட்ட முசுறா, கறுத்த தலையும் சிவந்த மார்பும் கறுத்த வயிறும் கொண்டு பட்டமரப் பொந்துகளில் வாழும் டெட்ராபொனெரா ரூஃபோநைக்ராவா, கட்டெறும்பா என்பதை எறும்பு மாதிரியே பிற்காலத்தில் உறுதிப்படுத்தும். எறும்பு ஒற்றுமைக்கு இனப்பிரிப்பில் இடம் குறைவு என்று மேலே சொன்னேன். வாழ்வியல் குறிப்பில் அதற்குரிய இடம் மிகப் பெரியது.

ஒரே முறை சென்று வந்ததோடு நிறுத்திக்கொள்வது போதாது. ஒரு பருவத்தில் குஞ்சுகள் மட்டுமே கிடைக்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்திலும், கோடையிலும், மேட்டூர் நீர் வாய்க்கால்களில் வந்து குறுவை நடவு நடக்கும் காலத்திலும் அதே மரங்களை மீண்டும் பார்க்க வேண்டும். வளராத சிலந்திகளை வீட்டிலேயே வளர்க்கலாம். பழுத்த வாழைப்பழத் தோலை வைத்தால் வந்து மொய்க்கும் பழ ஈக்களே அவற்றுக்குப் போதிய உணவு. ஒரு பெண்ணின் முட்டைப்பையிலிருந்து குஞ்சுகளை வளர்த்து ஆணையும் பெண்ணையும் பெற முடிந்தால், இரண்டும் ஒரே இனம் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை. ஆண் ஓரினமாகவும் அதன் பெண் வேறோர் இனமாகவும் விவரிக்கப்பட்ட குழப்பங்கள் சிலந்தியியலில் நிறைய உண்டு.

தரவு எழுதும்போது ஊர்ப்பெயர், வட்டம், மாவட்டம், பாகைக் குறியீடு (அட்சரேகை, தீர்க்கரேகை), நாள், சேகரித்தவர், மரம், எறும்பு ஆகிய அனைத்தையும் பென்சிலால் தடித்த தாளில் எழுதிக் குப்பியின் உள்ளேயே இட வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு ஆல்கஹாலில் நனைந்து உதிர்ந்துவிடும். 'மன்னார்குடி அருகே' என்று எழுதுவது போதாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், ஒரே இரவில் இப்பகுதியின் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் சாய்த்துவிட்டுப் போனதை நாம் அறிவோம். சேகரித்த மரம் நாளை இல்லாமல் போகலாம். இடத்தின் துல்லியமான குறிப்பு இருந்தால்தான் இன்னொருவர் அவ்விடத்தில் மீண்டும் தேட முடியும்.

உயிரோடு இருக்கும்போதே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்தை நேரே நோக்கியும் படமெடுத்துவிட வேண்டும், ஏனெனில் ஆல்கஹாலில் நிறம் மங்கிவிடும். அதன்பின் 70 முதல் 75 விழுக்காடு எத்தனாலில் இட்டுப் பாதுகாக்கலாம். மரபணு ஆய்வுக்கென ஒன்றிரண்டு கால்களைத் தனியே எடுத்துத் தூய எத்தனாலில் குளிர்நிலையில் வைக்க வேண்டும். எத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் ஆயத்துறை உரிமம் தேவைப்படுவதால், தனி ஆர்வலர்கள் உரிமம் பெற்ற கல்லூரி ஆய்வகத்தோடு சேர்ந்து பணியாற்றுவதே முறை. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள அ.வ.அ. கல்லூரியைப் போல விலங்கியலும் வனவிலங்கு உயிரியலும் கற்பிக்கும் கல்லூரிகள் இப்பகுதியிலேயே இருக்கின்றன.

நுண்ணோக்கியின் கீழே

இந்த வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆணின் இடது பெடிபால்ப்பைக் கழற்றி, கீழ்ப்புறமாகவும் வெளிப்பக்கமாகவும் நோக்கி வரைவது மரபு. அனைவரும் ஒரே பக்கத்தை ஒரே கோணத்தில் வரைந்தால்தான் ஒப்பிட முடியும். டெகுலம் எனப்படும் வட்டப் பகுதியையும், அதைச் சுற்றிச் சுருளாகச் செல்லும், விந்தைச் செலுத்தும் நுண்குழலான எம்போலஸையும், டிபியா என்ற கணுவிலிருந்து வெளிப்பக்கமாக நீண்டிருக்கும் முள்ளையும் கவனிக்க வேண்டும். எம்போலஸ் எத்தனை சுற்று சுற்றுகிறது, நுனி எந்தத் திசையை நோக்குகிறது, டிபியா முள் நேராக இருக்கிறதா முறுகி வளைந்திருக்கிறதா, அதன் அடிப்பகுதியில் தட்டு போன்ற புடைப்பு உண்டா என்பவை முடிவெடுக்க உதவும் கேள்விகள். உறுப்பைச் சிறிது சாய்த்தாலும் முள்ளின் வளைவு வேறாகத் தெரியும். ஆகவே கிண்ணத்தின் அடியில் மெல்லிய மணலையோ கிளிசரின் களியையோ இட்டு, உறுப்பு அசையாதபடி நிறுத்தி, எல்லா மாதிரிகளையும் ஒரே நிலையில் பார்க்க வேண்டும்.

பெண்ணின் எபிகைனை வெளிப்புறமாகப் பார்த்ததோடு நிறுத்தக்கூடாது. புதிதாகத் தோலுரித்த வளர்ந்த பெண்ணிலும், கலவி முடிந்து துளைகளில் அடைப்பு ஏற்பட்ட பெண்ணிலும் வெளித்தோற்றம் பெரிதும் வேறுபடும். கூரிய ஊசியால் எபிகைனைப் பிரித்தெடுத்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து, தசை கரைந்து உள்ளமைப்பு தெளிவாகும்வரை அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதிக நேரம் விட்டால் மெல்லிய நாளங்கள் வெளிறிக் காணாமல் போகும். நீரில் கழுவியபின் கிராம்பு எண்ணெயில் இட்டால் விந்தைச் சேமிக்கும் பையான ஸ்பெர்மதீகாவும் அதனை நோக்கிச் செல்லும் சுருள் நாளங்களும் கண்ணாடிபோல் தெரியும். நாளம் எங்கே தொடங்கி, எத்தனை திருப்பம் திரும்பி, எங்கே முடிகிறது என்பதைக் கோட்டோவியமாக வரைய வேண்டும். நல்ல ஒளிப்படம் இருக்கும்போது ஓவியம் எதற்கு என்று இன்று பலர் கேட்கிறார்கள். ஒளிப்படம் எல்லாவற்றையும் காட்டுகிறது. ஆய்வாளர் எதைப் பார்த்துப் புரிந்துகொண்டார் என்பதை ஓவியம்தான் காட்டுகிறது. இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து.

எடுத்த எபிகைனையும் பெடிபால்ப்பையும் சிறு குழாயிலிட்டு அதே சிலந்தியின் குப்பிக்குள்ளேயே வைக்க வேண்டும். பிரிந்துபோன உறுப்பு எந்தச் சிலந்தியுடையது என்று தெரியாமல் போனால் அந்த மாதிரி முழுவதுமே பயனற்றதாகிவிடும்.

அளவுகள் அனைத்தும் மில்லிமீட்டரில், அளவுகோல் சரிபார்த்த நுண்ணோக்கியில் எடுக்கப்பட வேண்டும். மொத்த நீளத்தில் தாடையைச் சேர்ப்பதில்லை. தாடையின் நீளத்தைத் தனியே தருவது வழக்கம். தலைமார்பின் நீளம், அகலம், கண்களின் விட்டம், ஒவ்வொரு காலின் ஃபீமர், பட்டெல்லா, டிபியா, மெட்டாடார்சஸ், டார்சஸ் ஆகிய கணுக்களின் நீளம், முன்கால் டிபியாவின் அடிப்புற முட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தர வேண்டும். பெண்ணின் பெடிபால்ப் மிர்மராக்னியில் தட்டையாக அகன்றிருப்பதால் அதையும் வரைந்து காட்ட வேண்டும்.

ஆணின் தாடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உடல் சற்றுப் பெரிதானால் தாடை அதைவிடப் பலமடங்கு நீண்டுவிடும்; ஒரே இனத்தின் சிறிய ஆணையும் பெரிய ஆணையும் அருகருகே வைத்தால் இரண்டு இனங்கள் என்றே தோன்றும். பற்களின் எண்ணிக்கையும் இடைவெளியும் அதற்கேற்ப மாறக்கூடும். ஆகவே ஒரேயொரு ஆணின் நீண்ட தாடையை இன அடையாளமாகக் கொள்ளக்கூடாது. எத்தனை மாதிரிகள் கிடைக்கின்றனவோ அத்தனையையும் அளந்து, சிறும அளவையும் பெரும அளவையும் சேர்த்துத் தருவதே நேர்மையான முறை.

மரபணு ஆய்வில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவின் 658 காரஇணை கொண்ட பகுதியைப் படிப்பது பரவலான வழக்கம். நிறவேறுபாடுள்ள சிலந்திகள் ஒரே இனமா, ஆணும் பெண்ணும் ஒரே இனமா என்ற கேள்விகளுக்கு அது நன்கு துணைசெய்யும். ஆயினும் அது உருவமைப்புச் சான்றுக்குத் துணையாக வர வேண்டுமே தவிர அதற்கு மாற்றாகிவிட முடியாது.

பழைய பெயர்களோடு ஒப்பிடுதல்

புதியது என்று சொல்வதற்கு முன்னர், பழையது எதுவும் இதுவல்ல என்று காட்டியாக வேண்டும். பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலில் பதிவு செய்துகொண்டால், அநேகமாக எல்லாச் சிலந்தி விவரிப்புகளையும் கட்டணமின்றிப் படிக்கலாம். 2022இல் அப்பட்டியல் 50,000 இனங்களைத் தாண்டியது. மிர்மராக்னியை மட்டும் தேடினால் போதாது. 2016இல் சிலந்தியியலாளர் ப்ரோஷின்ஸ்கி பேரினங்களைப் பிரித்தபோது பல இனங்கள் டாக்ஸியஸ், மிர்மப்ளாட்டா முதலிய பெயர்களின் கீழ் சென்றன. இந்தியாவிலிருந்தும், வங்கதேசம், மியான்மர், தென்கிழக்காசிய நாடுகளிலிருந்தும் விவரிக்கப்பட்டவற்றையெல்லாம் அட்டவணையிட்டு, ஆண் தெரியுமா, பெண் தெரியுமா, உறுப்பு ஓவியம் உண்டா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு எல்லாவற்றிலும் முதன்மையானது இலங்கை. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பாக் நீரிணைதான் இருக்கிறது. மிர்மப்ளாட்டா பிளாட்டலியாய்டெஸ் இனத்தையே ஆங்கிலச் சிலந்தியியலாளர் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் 1869இல் இலங்கை மாதிரிகளைக் கொண்டுதான் விவரித்தார். தஞ்சாவூரில் கிடைத்த சிலந்தி இந்தியப் பட்டியலில் இல்லை என்பதால் புதியது என்று முடிவு செய்துவிட்டு, பின்னர் அது இலங்கை இனமே என்று தெரியவந்தால், வைத்த பெயர் இணைப்பெயராகிவிடும், அதாவது ஏற்கெனவே பெயருள்ள இனத்துக்கு இட்ட செல்லாத மறுபெயராகிவிடும். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்குப் பெயரிடலின் அடிப்படை விதி. தவறான பெயரை அகற்றும் சுமையோ பின்வருபவர் தலையில் விழுகிறது.

பழைய விவரிப்புகளில் சில, ஒருபாலை மட்டும் கொண்டவை. சில, உறுப்பு ஓவியமே இல்லாதவை. அத்தகைய பெயர் குறுக்கே நின்றால், மூல மாதிரி இருக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதி அதன் பெடிபால்ப்பின் படத்தைக் கேட்க வேண்டும். பிக்கார்ட்-கேம்பிரிட்ஜின் தொகுப்பு ஆக்ஸ்போர்டிலும், இந்தியச் சிலந்தியியலாளர் திக்காதர் விவரித்த பல இனங்களின் மாதிரிகள் கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் அளவைத் துறையிலும் உள்ளன. பதில் வரத் தாமதமானாலும் காத்திருப்பதே சரி.

அனுமதியும் ஒப்படைப்பும்

கோடியக்கரை, வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற சரணாலயங்களிலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் வனத்துறையின் எழுத்து அனுமதியின்றிச் சேகரிக்கக்கூடாது. தனியார் தோப்பில் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, புதிய இனத்தைக் கண்டறிந்தவர் அதனை அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளைப் பொறுத்தவரை இந்திய விலங்கியல் அளவைத் துறை அத்தகைய களஞ்சியம். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணினால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரையை எழுதுதல்

1999க்குப் பின் வெளியாகும் இனப்பெயர் எதுவும் செல்லுபடியாக வேண்டுமானால், அது புதிய இனம் என்று வெளிப்படையாகக் கூறியிருக்க வேண்டும். பெயருக்கு அடிப்படையான மூல மாதிரி, அதாவது ஹோலோடைப், எது என்று சுட்டியிருக்க வேண்டும். அது எந்தத் தொகுப்பில் உள்ளது அல்லது எங்கே ஒப்படைக்கப்படும் என்றும் எழுதியிருக்க வேண்டும். ஹோலோடைப் ஒற்றை மாதிரி. பெடிபால்ப் முழுமையாக உள்ள, நன்கு வளர்ந்த ஆணைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நல்லது. அதோடு ஒப்பிட்டு ஒரே இனம் என்று உறுதிசெய்த மற்றவை பாராடைப்புகள். ஐயத்துக்குரிய மாதிரியைப் பாராடைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

வேறுபாட்டுக் குறிப்பும் விவரிப்பும் வேறுவேறானவை. விவரிப்பு சிலந்தியின் உடலை முன்னிருந்து பின்வரை சொல்லிச் செல்வது. வேறுபாட்டுக் குறிப்போ, நெருங்கிய இனங்களிலிருந்து இதைப் பிரிப்பது எது என்று மட்டும் சொல்ல வேண்டியது. 'முசுறைப் போல் செம்பழுப்பு நிறமும் நீண்ட தாடையும் கொண்டது' என்று எழுதினால் அது எந்த இனத்தையும் பிரிக்காது. 'டிபியா முள்ளை வெளிப்பக்கமிருந்து நோக்கும்போது இதில் நடுவில் முறுகி நுனி மேல்நோக்கி வளைந்துள்ளது, நெருங்கிய இனத்தில் அது நேராக உள்ளது. பெண்ணின் நாளம் இதில் மூன்று திருப்பங்களும் அதில் ஒரே திருப்பமும் கொண்டது' என்ற அமைப்பில், இரண்டு இனங்களின் நிலையையும் சொல்லி, இரண்டின் பட எண்ணையும் தந்தால், படிப்பவர் தாமே சரிபார்க்கலாம். எந்தப் பேரினத்தில் சேர்க்கிறோம், ஏன் என்பதற்கும் ஒரு பத்தி தேவை.

விலங்குப் பெயரிடல் விதிகள் கட்டுரையின் மொழியைக் கட்டுப்படுத்துவதில்லை. பெயர் மட்டும் இலத்தீன் எழுத்தில் இருந்தாக வேண்டும். உலகம் முழுவதும் உள்ளவர்கள் ஒப்பிட வேண்டியிருப்பதால் ஆங்கிலத்தில் வெளியிடுவதே நடைமுறை. ஆயினும் தமிழில் ஒரு சுருக்கத்தைச் சேர்க்க இதழாசிரியரிடம் கேட்கலாம் என்பேன். தோப்பைத் திறந்துவிட்ட விவசாயி அதைப் படிக்க உரிமையுள்ளவர்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது இலக்கணப் பாலைக் கவனிக்க வேண்டும். மிர்மராக்னி பெண்பால் என்பதால் அடைமொழிப் பெயரும் பெண்பால் விகுதி பெறும். ஃபேப்ரிசியஸ் 1798இல் செந்தேளுக்கு இட்ட தமுலஸ் என்ற பெயரை ஒருவர் இப்பேரினத்தில் ஆள விரும்பினால் அது தமுலா என்றாகும். ஊர்ப்பெயரையும் ஆற்றுப்பெயரையும் சூட்டுவது எளிது, ஆனால் அந்த இனம் நாளை ஒடிசாவிலும் கிடைக்கலாம். உறுப்பின் தனித்தன்மையைக் குறிக்கும் பெயர் பிற்காலத்தவருக்கு அடையாளமாகவும் உதவும் என்பதால் அதையே நான் விரும்புவேன். தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்வதை விதி தடுக்கவில்லை; மரபு ஏற்பதில்லை. கட்டுரை வெளியாகும்வரை பெயரை நாளிதழுக்கோ சமூக ஊடகத்துக்கோ சொல்லக்கூடாது.

மின்வடிவில் மட்டும் வெளியாகும் இதழானால், வெளியிடுவதற்கு முன்பே கட்டுரையை விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே குறிப்பிட வேண்டும் என்பது விலங்குப் பெயரிடல் விதிகளின் 2012 திருத்தம் வகுத்த விதி. ஜூடாக்ஸா, கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் திரெட்டன்டு டாக்ஸா, தாவும் சிலந்திகளுக்கென்றே உள்ள பெக்காமியா ஆகியவை இத்தகைய கட்டுரைகளை வெளியிடுகின்றன. மதிப்பீட்டாளர் எபிகைன் ஓவியத்தை மீண்டும் வரையச் சொன்னால் தயங்காமல் வரைந்து கொடுக்க வேண்டும்.

வெளியான பின் கட்டுரையின் படியை உலகச் சிலந்திப் பட்டியலுக்கும் மாதிரி உள்ள களஞ்சியத்துக்கும் அனுப்பி, மரபணு வரிசையின் எண்ணும் மாதிரி எண்ணும் ஒன்றையொன்று சுட்டுகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அந்த இனத்தைப் பிற்காலத்தில் ஒருவர் வேறு பேரினத்துக்கு மாற்றினால், பெயரிட்டவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் எழுதப்படும். பெயரும் ஹோலோடைப்பும் மாறா. குறிப்பேடு, அளவுத்தாள்கள், உயிர்நிலைப் படங்கள், எறும்புக் குப்பிகள் ஆகியவற்றைக் கல்லூரியின் பொறுப்பில் எண்ணிட்டு ஒப்படைத்துவிட்டால், அவ்வாறு மீளாய்வு செய்ய வருபவருக்கு வேண்டியது அனைத்தும் ஓரிடத்தில் இருக்கும்.